சிவப்புத் தலையணையில் மூன்று பதக்கங்கள்

ஒக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில், ரெயில் பாதைக்கு மேல்பக்கம் இருந்த அந்தச் சரிவுத் தெருவில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேருக்கு இப்போது தமிழ் வாசிக்க வராது. பரவாயில்லை, உங்கள் அம்மாமார் வாசித்துச் சொல்லட்டும். நானும் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. எழுதத் தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள், அந்திரட்டி, முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இரவல் வாங்கிய பெரிய சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் போல இருக்கிறது.

செத்தவீட்டன்று அப்பாவின் பெட்டியைத் தூக்க ஆட்கள் முண்டியடித்தார்கள். பிடிக்க ஆறு பிடிதான். ஆனால் பத்துப் பதினைந்து பேர். "கொஞ்சம் விடுங்கோ, நானும் ஒருக்காப் பிடிக்கிறன்" என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. தூக்க ஆள் இல்லாத இன்னொரு செத்தவீடு அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அதுதான் இது.

எங்கள் வீட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பழைய மர வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, இரண்டு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அம்மா தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அங்கே ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு ஐயாவும் அவருடைய மகளும் இருந்தார்கள். மகளை நான் அன்ரி என்று கூப்பிடுவேன். ரஷ்யாவில் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவ, இங்கே ஒடாஹுஹுவில் ஒரு பேக்கரியில் விடியப்புறம் மா குழைத்தா. விற்காத பாணைக் கொண்டுவந்து எங்கள் கதவுப் பிடியில் பையோடு கொழுவிவிட்டுப் போவா.

ஐயாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. அப்பாவுக்குக் கொஞ்சம். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள். காரணம் எங்கள் கார்.

அந்தக் காரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெருவுக்கே தெரியும். குளிர் தொடங்கினால் அது எழும்பாது. அப்பா புக்கெகோஹிக்கு வெங்காயம் தரம் பிரிக்கிற வேலைக்கு விடிய முதலே போகவேண்டும். சாவியைத் திருப்புவார், அது இருமும். அந்த இருமல் கேட்டதும் பக்கத்துக் கதவு திறக்கும். ஐயா கட்டம் போட்ட பிஜாமாவோடும் மயிர்த் தொப்பியோடும் வந்து காரின் பின்னால் கையை வைப்பார்.

"தள்ளுங்கோ ஐயா, தள்ளுங்கோ!" என்று அப்பா உள்ளே இருந்து கத்துவார்.

"தவாய், தவாய்!" என்று ஐயா பின்னால் கத்துவார்.

கார் சரிவில் இறங்கி, குலுங்கி, புகை விட்டு எழும்பும். ஐயா நடுத்தெருவில் நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். அப்பா ஹோர்ன் அடித்துவிட்டுப் போவார். தெருவில் எல்லோருக்கும் நித்திரை குழம்பும். எதிர்வீட்டு வெள்ளைக்காரி ஜன்னலைத் திறந்து ஏசுவது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அது இலை உதிர்கிற காலம். பின்வளவில் ஃபீஜோவாப் பழங்கள் விழுந்து கிடக்கும். வாசனை வீட்டுக்குள் வரும், கொய்யாவும் பற்பசையும் கலந்த மாதிரி ஒரு வாசம். ஐயா பொறுக்கி ஜாம் காய்ச்சுவார். அம்மா மிளகாய்த்தூள் போட்டு ஊறுகாய் போடுவா. வேலிக்கு மேலால் போத்தல்கள் மாறிக்கொள்ளும். ஐயா ஊறுகாயைத் தின்று கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் வேண்டும் என்று போத்தலை நீட்டுவார்.

"பாவம் மனுசன், வயித்தைக் கெடுக்கப்போறார்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இன்னும் போடுவா.

ஏப்ரலில், இங்கே சண்டைக்குப் போனவர்களை நினைக்கிற அன்சாக் நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சிவப்புப் பொப்பிப் பூக் குத்திவிட்டார்கள். தெரு முனையில் இருந்த கிழவர்கள் கோட்டுப் போட்டு, பதக்கம் குத்தி, இருட்டோடு போனார்கள். ஐயா வாசற்படியில் இருந்து அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அவரும் சண்டைக்குப் போனவர் என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்களுக்குத் தெரிந்தது மே மாதம். அவர்களுடைய வெற்றி நாளாம். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது ஐயா சாம்பல் நிறக் கோட்டோடு வாசற்படியில் இருந்தார். நெஞ்சில் மூன்று பதக்கங்கள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கையைப் பிடித்து வைத்தார்.

ஒன்று நட்சத்திரம். மாதுளம் முத்தின் நிறம், நடுவில் துவக்கோடு ஒரு சிப்பாய். அதற்கு ஊசி கிடையாது, பின்னால் திருகாணி. கோட்டில் ஓட்டை போட்டு, உள்ளே சுரையைத் திருகவேண்டும். இன்னொன்று வட்டமான வெள்ளி. மேலே மூன்று விமானம், கீழே ஒரு டாங்கி, நடுவில் சிவப்பு எழுத்து. மூன்றாவது மஞ்சள் உலோகம், மீசை வைத்த ஒருவரின் பக்கவாட்டு முகம். அதன் நாடா செம்மஞ்சளும் கறுப்பும் கோடு போட்டு அணிலின் முதுகு மாதிரி இருந்தது. ஐயா மூச்சு விட அவை ஒன்றோடொன்று முட்டி மெல்லக் கிணுங்கின. அவற்றைக் கொடுத்த நாடு அப்போது உலகப் படத்திலேயே இல்லை என்பது எனக்குத் தெரியாது.

அன்ரி எனக்கு இங்கிலிஷில் சொன்னா. வெள்ளி வட்டம் தைரியத்துக்காகக் கொடுத்ததாம். ஐயா ரெலிபோன் வயர் இழுக்கிற சிப்பாய். குண்டு விழுந்து வயர் அறுந்தால் ஊர்ந்து போய்ப் பொருத்தவேண்டும். ஒருமுறை பனியில் கை இரண்டும் விறைத்துப்போக, அறுந்த இரண்டு நுனியையும் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம்.

அந்த நேரம் அப்பா வந்தார். காரை நிற்பாட்டிவிட்டு, வெங்காயச் சருகு ஒட்டிய உடுப்போடு, சிரித்துக்கொண்டுதான் வந்தார். பதக்கங்களைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"பிள்ளை, உள்ளை வா."

"அப்பா, இஞ்சை பாருங்கோவன், ஐயா..."

"உள்ளை வா எண்டு சொன்னனான்."

கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் சொன்னார். "பாத்தியே, கிழவன் ஆமிக்காரன்."

"எங்கட ஊரிலை நிண்ட ஆமியே? அது வேற ஆமி" என்றா அம்மா.

"ஆமி எண்டா ஆமிதான். எத்தினை பேரைச் சுட்டதுக்கு உதெல்லாம் குடுத்தவங்களோ."

ஊரில் சித்தப்பாவை ஆமி லொறியில் ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் நாட்டை விட்டு வெளிக்கிட்டது. அதனால் அம்மா அதற்குமேல் கதைக்கவில்லை. நான்தான் விடவில்லை.

"ஐயா சுடுறவர் இல்லையாம் அப்பா. வயர் பொருத்தினவராம். பல்லால கடிச்சுப் பிடிச்சவராம்."

"எல்லா ஆமியும் உப்பிடித்தான் கதை சொல்லும் பிள்ளை. தான் சுடேல்லையாம், பக்கத்தில நிண்டவன்தானாம் சுட்டது."

அடுத்த நாளிலிருந்து அப்பா காரை மேட்டின் உச்சியில் கொண்டுபோய் விட்டார். அங்கே இருந்து பிரேக்கை எடுத்தால் தானே உருண்டு எழும்பும். ஒருவரும் தள்ளத் தேவையில்லை. ஆனாலும் ஐயா விடியவிடியக் கதவைத் திறந்துகொண்டு வந்து, மேட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். கார் அவரைத் தாண்டி உருண்டு போகும். தொப்பியை ஆட்டுவார். அப்பா ஹோர்ன் அடிக்கமாட்டார். அப்பாவுக்குத் தன் மேல் என்ன கோபம் என்று ஐயாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. எந்தப் பாஷையில் சொல்வது?

ஜூன் மாதம் ஐயா செத்துப்போனார். நித்திரையில் போய்விட்டார். அன்று அந்தப் பக்கம் இருமல் கேட்கவில்லை என்று அம்மாதான் முதலில் கவனித்தது.

அன்ரி அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தா. அழுது முடித்த முகம். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. அப்பா கதிரையில் இருந்தார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அன்ரி சொன்னது இதுதான். தங்கள் நாட்டில் சண்டைக்குப் போன ஒருவர் செத்தால், அவருடைய பதக்கங்களைச் சின்னச் சிவப்புத் தலையணைகளில் குத்தி, பெட்டிக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு தலையணைக்கு ஒரு ஆள். ஒருவர் இரண்டைத் தூக்கக் கூடாது. பெட்டியைத் தூக்கச் சவச்சாலைக்காரர் இருக்கிறார்கள், தலையணைக்கு ஆள் இல்லை. பேக்கரியில் தன்னோடு வேலை செய்பவர்களுக்கு லீவு கொடுக்கமாட்டார்கள். ஐயாவுக்கு ஒக்லாந்தில் எங்களைத் தவிர ஒருவரையும் தெரியாது.

"மூண்டு பதக்கமாம். நாங்கள் மூண்டு பேராம்" என்று நான் சொன்னேன்.

"அவ தூக்கலாம்தானே? மகள் அல்லோ?" என்று அப்பா கேட்டார்.

நான் கேட்டேன். அன்ரி அவசரமாக இல்லை என்று தலையை ஆட்டினா. நான் சொன்னேன்: "சொந்தக்காரர் தூக்கக் கூடாதாம் அப்பா. வெளியாக்கள்தான் தூக்கவேணுமாம். குடும்பம் பின்னாலதான் நடந்து வருமாம்."

அப்பாவின் முகம் மாறியது. பதக்கத்தைக் கண்ட அன்றைக்குக்கூட அப்படி மாறவில்லை.

"எனக்கு வேலை இருக்கு, ஏலாது எண்டு சொல்லு."

நான் சொன்னேன். அன்ரி எழும்பி, தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனா. பலகைக்கு அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் அம்மா வாயைத் திறந்தா.

"ஏனப்பா, ஒரு தலகணி தூக்கினா என்ன குறைஞ்சு போடும்?"

"ஆமிக்காரன்ர மெடலை நான் தூக்கிறதோ?"

"உண்மையாய் அதுவே விசயம்?"

அப்பா வெடித்தார். "சொந்தக்காரர் தொடமாட்டினமாம், நாங்கள் முன்னால தூக்கிக்கொண்டு போறதாம். ஆர் நாங்கள்? அவையின்ர குடிமக்களே? என்ர அப்பர் இருந்தா என்ன சொல்லுவார்?"

"மெல்லக் கதையுங்கோ. அந்தப் பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும். விளங்கவே போகுது?"

எனக்கும் அன்று விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊரில் செத்தவீடென்றால் பறை அடிக்க ஒரு ஆள், வெள்ளை விரிக்க ஒரு ஆள், விறகு அடுக்க ஒரு ஆள் என்று ஒதுக்கி, குடிமக்கள் என்று பெயரும் வைத்திருந்தார்கள். சாதியில் குறைவு என்று சொல்லிப் பின்பக்கத்தால் வரவிட்டு, அந்த வேலையைச் செய்வித்து, கடைசியில் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து அனுப்புவார்கள். பெட்டிக்குத் தோள் கொடுப்பது உரித்துக்காரர். மற்ற எல்லாம் அவர்களுக்கு. வெளியாட்கள் வேண்டும் என்று அன்ரி சொன்னதும், அப்பா தன்னை அந்தப் பின்பக்கத்தில் நிற்பாட்டிப் பார்த்திருக்கிறார். அன்ரி அவரைக் கூப்பிட்டது முன்பக்கத்துக்கு. அங்கே வெளியாள் வந்து தூக்குவதுதான் செத்தவருக்கு மரியாதை.

அம்மா அன்று சொன்னது மட்டும் எனக்கு வரிக்கு வரி ஞாபகம். "புக்கெகோஹியில மண்ணுக்குள்ள நிண்டு ஆரின்ரையோ வெங்காயம் தரம் பிரிக்கிறீங்கள். அங்கை வராத சாதி, ஒரு தலகணியைத் தூக்கேக்கை வருதோ?"

அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். மேட்டுக்குப் போய்க் காருக்குள் இருந்தார்.

அம்மா பலகையில் தட்டினா. "பிள்ளை, அன்ரியிட்டைச் சொல்லு. நானும் நீயும் வாறம்."

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நின்று அழுதுவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள். அம்மா தன்னுடைய தகப்பனின் செத்தவீட்டிலேயே படலையைத் தாண்டாதவ. அடுத்த இரண்டு நாளும் அவ அன்ரியோடு இருந்து தலையணை தைத்தா. அன்ரி ஒரு பழைய சிவப்புத் திரைச்சீலையை வெட்டியிருந்தா. உள்ளே வைக்கப் பஞ்சு காணாமல், அம்மா எங்கள் தலையணையில் ஒன்றைப் பிரித்தா. அது அப்பாவின் தலையணை. வேண்டுமென்றே எடுத்தாவோ, கைக்கு வந்ததை எடுத்தாவோ தெரியாது. அப்பா அந்த இரண்டு இரவும் சேட்டு ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

செத்தவீட்டன்று காலை அப்பா வழமை போல வேலைக்குப் போனார். எங்களைப் பார்க்கவில்லை. அம்மா மேசையில் வைத்த சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மயானத்து மண் களிமண், செருப்பை இழுத்துப் பிடித்தது. அம்மா வெள்ளைச் சேலைக்கு மேலே என்னுடைய பள்ளிக்கூட ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றா. கோட்டின் கை அவவின் முழங்கையோடு நின்றுவிட்டது. வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

வந்தவர்கள் நாங்கள்தான். அன்ரி, அம்மா, நான், பெட்டி தூக்குகிற நாலு பேர், பெட்டி ஏற்றிய காரை ஓட்டி வந்த ஒரு ஆள். அந்த ஆள் சமோவாக்காரர், தலை நரைத்தவர், பெரிய உடம்பு. கறுப்புக் கோட்டுக்குக் கீழே எங்கள் ஊர் ஆம்பிளைகளின் சாரம் மாதிரி ஒன்று உடுத்தியிருந்தார். அதைக் கண்டு அம்மாவுக்கு ஏனோ கொஞ்சம் தெம்பு வந்தது.

அம்மாவிடம் நட்சத்திரம். என்னிடம் வெள்ளி வட்டம். மீசைக்காரரின் முகம் போட்ட மஞ்சள் பதக்கம் அன்ரியின் கையில் இருந்தது. அன்ரி அதைப் பிடித்துக்கொண்டு நடக்கமாட்டாமல் நின்றா. மகள் தூக்கக் கூடாது, நாங்கள் இரண்டைத் தூக்கக் கூடாது. பெட்டியைத் தோளில் வைத்தவர்கள் மழையில் காத்துக்கொண்டு நின்றார்கள். அம்மா வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தா. பிறகு இன்னொருமுறை பார்த்தா. வாசலில் ஒருவரும் இல்லை.

காரோட்டி சிகரெட்டை நூர்த்துவிட்டு வந்தார். என்ன பிரச்சினை என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். அவர் கைகளைக் கோட்டில் துடைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். அன்ரி அதில் தலையணையை வைத்தா.

நாங்கள் மூன்று பேரும் முன்னால் நடந்தோம். தலையணை நனைந்து கனத்தது. என் பதக்கத்தில் மழைத்துளி விழுந்து, விமானங்களுக்கு மேலால் உருண்டு, டாங்கியில் போய்த் தேங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு காரோட்டி அம்மாவிடம் மெல்லக் கேட்டார், செத்தவர் உங்களுக்கு என்ன முறை என்று. அம்மாவுக்கு இங்கிலிஷ் அவ்வளவு வராது. நான் சொல்ல முதல் தானே சொன்னா.

"நோ ஃபமிலி. தட்ஸ் வை."

அவர் விளங்கின மாதிரித் தலையை ஆட்டினார். அன்ரி எங்கள் மூன்று பேருக்கும் புதுத் துவாய் ஒவ்வொன்று தந்தா. தூக்கினவர்களுக்குக் கொடுப்பது வழக்கமாம். அடுத்த வருடம் அவ பிரிஸ்பேனுக்குப் போய்விட்டா, பதக்கங்களோடு. இப்போது அவை எந்த மேசை லாச்சிக்குள் கிடக்கின்றனவோ, யாரிடமோ.

அன்று பின்னேரம் நடந்ததைப் பற்றி நான் அப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக் காலம் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்கூட எத்தனையோ கதை கதைத்தோம். இதைக் கேட்கவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வரும்போது பொழுதுபட்டுவிட்டது. கார் வாசலில் நின்றது. அப்பா வேலையிலிருந்து வேளைக்கே வந்திருந்தார். பின்பக்கம் உடுப்புத் தோய்க்கிற அறைக்கு வெளியே, இரண்டு வாளியில் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. செத்தவீட்டுக்குப் போனவர்கள் முழுகாமல் வீட்டுக்குள் வரக் கூடாது. தன்னால் ஏலாது என்று நின்றவர்தான் அந்தத் தண்ணீரைச் சுடவைத்திருந்தார்.

கோப்பையால் அள்ளி முதலில் எனக்கு வார்த்தார், பிறகு அம்மாவுக்கு. அம்மா பையிலிருந்த புதுத் துவாயை எடுத்துத் தலையைத் துவட்டினா.

"உது ஏது?"

"தூக்கினவைக்குக் குடுக்கிறவையாம்."

துண்டுத் துணி. நானும் அம்மாவும் அவர் கத்தப்போகிறார் என்று நின்றோம். அப்பா துவாயைப் பார்த்தார். என் கையில் இருந்த துவாயையும் பார்த்தார்.

"மூண்டாவதை ஆர் தூக்கினது?"

அம்மா தலையைத் துவட்டி முடித்துவிட்டுத்தான் சொன்னா. "கார் ஓடி வந்த மனுசன்."

"ஐயாவைத் தெரிஞ்ச ஆளோ?"

"இல்லை. ஆரெண்டே தெரியாது. கேட்ட உடனை கையை நீட்டினவர்."

எங்களில், செத்தவீட்டுக்குப் போகாத ஒருவர் சாவைக் கேட்டு முழுகுவது இரத்த உறவுக்கு மட்டும்தான்.

ஒரு வாளியில் அரைவாசித் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஆறியிருக்கும். அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. வெங்காய மண் ஒட்டிய வேலை உடுப்போடு குனிந்து, அந்த வாளியை இரண்டு கையாலும் தூக்கித் தன் தலையில் ஊற்றிக்கொண்டார்.